பூந்தமல்லியின் மல்லிகையும் மதீனாவின் பேரீச்சையும்
தாவரங்களில் ஆண் பெண் என்னும் அறிவு வளர்ந்த வரலாறு

சென்னைக்கு மேற்கே உள்ள பூந்தமல்லியின் பெயரே பூவோடு பிறந்தது. பூவிருந்தவல்லி என்று அதனை எழுதுவோரும் உளர். இராமாநுசர் மதித்துப் போற்றிய திருக்கச்சி நம்பிகள் இவ்வூரில் பிறந்தவர் என்றும், இங்கே பூந்தோட்டம் வைத்துக் காஞ்சிக்குப் பூத்தொண்டு புரிந்தவர் என்றும் வைணவ மரபு கூறுகிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வட்டாரம் கோல்கொண்டா சுல்தான்களின் ஆட்சிக்குள் வந்தது. அக்காலத்துப் பள்ளிவாசல் ஒன்று இன்றும் ஊரின் நடுவே நிற்கிறது. மல்லிகையைத் தமிழில் பாடிய ஊருக்கு, அதனை ‘யாஸமின்’ என்று பாரசீகத்தில் அழைத்தோரும் வந்து சேர்ந்தனர். நாம் குண்டுமல்லி என்று சொல்லும் இனத்திற்கு 1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ‘சம்பக்’ என்னும் அடைமொழியைச் சூட்டினார். அது ‘ஸன்பக்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். ஒரே மலரின் பெயரில் தமிழும் பாரசீகமும் அரபும் இலத்தீனும் கலந்து கிடக்கின்றன.

இம்மலரைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. மல்லிகையின் விதையைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? பூ வாங்குவோர் மட்டுமல்லர், பூப்பயிரிடுவோரிலும் பெரும்பாலோர் அதனைக் கண்டதில்லை. குண்டுமல்லி விதை பிடிப்பது மிக அரிது. இதழ்கள் அடுக்கடுக்காய் அமைந்த வகைகளில் மகரந்தம் தரவேண்டிய கேசரங்களே இதழ்களாக மாறிவிட்டிருப்பதும் உண்டு. போதாக்குறைக்கு, அரும்பு மலர்வதற்கு முன்பே விடியற்காலையில் அதனைப் பறித்துவிடுகிறோம். தோட்டக்காரர் இளந்தண்டை வெட்டி நட்டோ, கொடியை வளைத்து மண்ணில் பதியம் போட்டோ புதிய செடியை உண்டாக்குகிறார். ஆகவே பூவுக்குப் பெயர் பெற்ற ஊரில், பூ எதற்காகப் பூக்கிறது என்று கேட்கவேண்டிய தேவையே எழவில்லை.

எதற்காகப் பூக்கிறது என்பதனை மனித இனம் அறிந்துகொண்ட வரலாறு நீண்டது, வியப்பிற்குரியது. அவ்வரலாற்றில் பேரீச்சைக்கும் பனைக்கும் ஆமணக்குக்கும் தனித்தனி இடம் உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலரின் வேலை

இன்று நாம் அறிந்துள்ளதை முதலில் சுருக்கமாகக் கூறிவிடுவோம். மலர் என்பது தாவரத்தின் இனப்பெருக்க உறுப்பு. கேசரத்தின் நுனியிலுள்ள பையில் மகரந்தம் விளைகிறது. இது ஆண் பகுதி. நடுவிலுள்ள சூலகத்தினுள் சூல்கள் இருக்கின்றன. இது பெண் பகுதி. காற்றோ வண்டோ நீரோ மகரந்தத்தைச் சூல்முடியில் கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கே மகரந்தத் துகள் முளைத்து, நுண்ணிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்துகிறது. அக்குழாயின் வழியே இரண்டு ஆண் அணுக்கள் இறங்குகின்றன. ஒன்று முட்டையணுவோடு கலந்து கருவாகிறது; மற்றொன்று நடுவணுவோடு கலந்து, அக்கருவுக்கு உணவாகும் திசுவை உண்டாக்குகிறது. தேங்காயின் பருப்பும் இளநீரும் இந்த இரண்டாம் கலப்பின் விளைவுகளே. சூல் விதையாகிறது, சூலகம் கனியாகிறது.

விலங்குகளிலும் அடிப்படை இதுவே. தந்தையின் அணுவில் பாதி, தாயின் அணுவில் பாதி என்று மரபுக்கூறுகள் சேர்ந்து புதிய உயிர் தொடங்குகிறது. இச்சேர்க்கையால் எந்தப் பிள்ளையும் பெற்றோரின் நேர்ப்படியாக அமைவதில்லை. நோயும் வறட்சியும் வரும்போது சிலவேனும் பிழைத்திருக்க இவ்வேறுபாடே துணைநிற்கிறது. தண்டு வெட்டி நட்ட மல்லிகையோ தாய்ச்செடியின் தொடர்ச்சியே. அதில் புதுமை இல்லை.

ஆயினும் அறியும் முறையில் இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இருந்தது. ஆடும் மாடும் இணைவதை மேய்ப்பர் கண்ணால் கண்டனர். உள்ளே நிகழ்வதுதான் தெரியவில்லை. தாவரங்களிலோ இணைதல் என்ற ஒன்று நிகழ்கிறது என்பதே கண்ணுக்குத் தென்படவில்லை. வேர் ஊன்றி அசையாது நிற்கும் செடிக்குத் துணை எதற்கு என்று மனிதன் எண்ணினான்.

குன்றத்தூர்ப் புலவரும் ஆண்பனையும்

பூந்தமல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்தவர் சேக்கிழார். 12ஆம் நூற்றாண்டில் அவர் இயற்றிய பெரிய புராணத்தில் திருவோத்தூர் நிகழ்ச்சி ஒன்று இடம்பெறுகிறது. திருவோத்தூர் என்பது இன்றைய செய்யாறு. அங்கே அடியார் ஒருவர் வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாகவே நின்றன. அதுகண்டு பிற சமயத்தார் எள்ளினர். திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவை பெண்பனைகளாகிக் குலை ஈன்றன என்பது அந்த வரலாறு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சம்பந்தரின் பதிகத்திலேயே இதற்கான குறிப்பு காணப்படுகிறது.

சமய நம்பிக்கையைச் சார்ந்த இச்செய்தியை நாம் இங்கே ஆராயப் புகவில்லை. வரலாற்று மாணவனுக்கு அதில் வேறொரு பயன் உண்டு. பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு என்பதும், ஆண்மரம் காய்க்காது என்பதும் தமிழகத்தில் கேட்போர் அனைவருக்கும் தெரிந்த செய்தியாக இருந்தன. அவ்வாறு இல்லையேல் அந்த அற்புதம் அற்புதமாகவே தோன்றியிராது. ஆண்பனையை அலகுப்பனை என்றும், பெண்பனையைப் பருவப்பனை என்றும் பனையேறிகள் பிரித்தே வழங்கினர்.

ஆனால் ஆண்மரம் காய்க்காது என்று அறிவது ஒன்று. ஆண்மரம் இன்றிப் பெண்மரமும் காய்க்காது என்று அறிவது வேறொன்று. இரண்டாவது உண்மையை உணரவேண்டிய நெருக்கடி தமிழகத்துப் பனைக்கு நேரவில்லை. பனை விதையிலிருந்தே வளர்கிறது. விதையிலிருந்து எழுபவற்றில் ஏறத்தாழப் பாதி ஆண், பாதி பெண். பூக்கும் பருவம் வரும்வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, எது எதுவென்று தெரியாது; ஆகவே எவரும் ஆண்கன்றைக் களைந்தெறிய முடியாது. தோப்பெங்கும் ஆண்பனைகள் நின்றன. காற்றும் பூச்சிகளும் தம் பணியைத் தாமே செய்தன. எல்லாம் ஒழுங்காக நடந்ததால் அந்த ஒழுங்கின் காரணம் மறைந்தே கிடந்தது.

மதீனாவின் தோப்பில்

பேரீச்சையின் நிலை வேறு. அதுவும் பனையைப் போல ஆண், பெண் எனத் தனித்தனி மரங்களை உடையது. ஆயினும் அதனை விதையிலிருந்து வளர்த்தால் பாதி மரங்கள் காய்க்காமல் போகும். காய்ப்பவையும் தாயின் சுவையைத் தரா. எனவே நல்ல பெண்மரத்தின் அடியில் தோன்றும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுவதே பண்டுதொட்டு வழக்கம். இதனால் தோப்பு முழுவதும் பெண்மரங்களாயின, ஆண்மரங்கள் அருகின. காற்று மட்டும் போதவில்லை. மனிதன் இயற்கையின் விகிதத்தை மாற்றியதால், இயற்கையின் வேலையைத் தன் கையில் ஏற்கவேண்டியவன் ஆனான்.

ஆண்பாளை வெடிக்கும் தருணத்தில் அதன் கதிர்களை அறுத்து, பெண்பாளையின் நடுவே செருகிக் கட்டினர். ஓர் ஆண்மரம் பல பெண்மரங்களுக்குப் போதும். கி.மு. 18ஆம் நூற்றாண்டுக்குரிய பாபிலோனிய மன்னர் ஹம்முராபியின் சட்டத்தொகுப்பிலேயே, இப்பணிக்காகத் தோப்பைத் தோட்டக்காரரிடம் ஒப்படைப்பது பற்றிய விதி இருக்கிறது. கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸும் கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் இதனை விவரித்துள்ளார். அரபியர் இப்பணியைத் ‘தஃபீர்’ என்றும் ‘தல்கீஹ்’ என்றும் அழைத்தனர்.

கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா சென்றபின் நிகழ்ந்த ஒரு செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பல அறிவிப்புகளில் பதிவாகியுள்ளது. மக்கா விளைநிலம் அற்ற பள்ளத்தாக்கு. மதீனாவோ பேரீச்சந்தோப்புகளின் ஊர். மக்கள் மரமேறிப் பாளை சேர்ப்பதை அண்ணலார் கண்டார்கள். அதனால் பயன் இருக்கும் எனத் தாம் கருதவில்லை என்ற கருத்தை வெளியிட்டார்கள். தோழர்கள் அப்பணியைக் கைவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. காய்கள் சிறுத்து, ‘ஷீஸ்’ எனப்படும் பதராகப் போயின. செய்தி எட்டியபோது அண்ணலார் அதனைத் தம் ஊகம் என்று தெளிவுபடுத்தினார்கள். மார்க்கத்தைப் பற்றித் தாம் கூறுவதை ஏற்கும்படியும், உலகியல் காரியங்களை அவற்றைச் செய்வோரே நன்கறிவர் என்றும் கூறினார்கள்.

அன்று விளைந்த பதர்க்காய் எதனால் விளைந்தது என்பதை இன்றைய தாவரவியல் விளக்குகிறது. பேரீச்சையின் ஒவ்வொரு பெண்பூவிலும் மூன்று சூலகங்கள் உள்ளன. கருவுற்றால் அவற்றில் ஒன்று மட்டும் கனியாகிறது. மற்ற இரண்டும் உதிர்கின்றன. கருவுறாவிட்டால் மூன்றுமே சிறுகாய்களாக வளரக்கூடும். அவற்றில் கொட்டையும் இராது, சதைப்பற்றும் இராது.

இந்நிகழ்ச்சியை அறிவியல் வரலாற்றின் கண்கொண்டு நோக்கினால், ஓர் ஊரே ஒரு பருவம் முழுதும் ஒரு செயலை நிறுத்திப் பார்த்து, விளைவைக் கண்டறிந்ததாகிறது. அச்செயலின் பயன், அது இல்லாதபோதுதான் ஐயமற விளங்கிற்று.

சட்டத்தில் ஒரு மகரந்தம்

இவ்வறிவு தோப்போடு நின்றுவிடவில்லை; வணிகச் சட்டத்திற்குள்ளும் புகுந்தது. இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்றின்படி, பாளை சேர்த்தபின் பேரீச்சை மரம் விற்கப்பட்டால், வாங்குபவர் தனி நிபந்தனை விதித்திருந்தாலன்றி அப்பருவத்துக் கனி விற்றவருக்கே உரியது. இது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறுகிறது. இதிலிருந்து இமாம்கள் மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் ஆகியோர், பாளை சேர்க்குமுன் விற்றால் கனி வாங்கியவருக்கு உரியது என்று முடிவு கண்டனர். இமாம் அபூஹனீஃபாவோ, நிபந்தனை இல்லாதவிடத்து இரு நிலையிலும் அது விற்றவருக்கே என்றார். தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே உள்ள இக்கருத்து வேறுபாட்டின் மையத்தில் இருப்பது மகரந்தச் சேர்க்கை. தோட்டக்காரரின் உழைப்பு பூவில் இறங்கிய அந்தக் கணம், உரிமையைப் பிரிக்கும் எல்லையாகக் கருதப்பட்டது.

‘ல-க-ஹ’ என்னும் அதே வேர்ச்சொல் திருக்குர்ஆனின் 15ஆம் அத்தியாயம் 22ஆம் வசனத்தில் காற்றைக் குறித்து வருகிறது. காற்று மேகங்களையும் மரங்களையும் சூல்கொள்ளச் செய்வதாகப் பண்டைய விரிவுரையாளர்கள் அதற்குப் பொருள் உரைத்தனர். இன்றைய அரபியில் தடுப்பூசி மருந்திற்கும் ‘லகாஹ்’ என்றே பெயர். கனிகளில் இணைகள் படைக்கப்பட்டதாகக் கூறும் 13ஆம் அத்தியாயம் 3ஆம் வசனத்திற்கோ, இனிப்பு புளிப்பு, கருமை வெண்மை என்ற இரட்டைகளையே பலரும் விளக்கமாகத் தந்தனர். தங்கள் காலத்து அறிவைக்கொண்டு அவர்கள் விளக்கினர். பிற்காலக் கண்டுபிடிப்பு ஒவ்வொன்றையும் வசனங்களுக்குள் முன்பே இருந்ததாகக் காட்ட முனைவோர், மதீனாத் தோப்பில் கற்பிக்கப்பட்ட பாடத்தைச் சற்று நினைவுகூர்தல் நலம். அப்பாடம் மரமேறுவோரிடம் கேட்டறியச் சொல்கிறது.

நூல்கள் தயங்கிய இடம்

அரபு மொழியில் தாவர, விலங்கு நூல்கள் பெருகின. பேரீச்சைக்குப் பெயர்பெற்ற பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிஸ் 9ஆம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றிய பெருநூலை இயற்றினார். அதே நூற்றாண்டில் அபூஹனீஃபா அத்தீனவரி தாவர நூலை எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் அல்-கஸ்வீனி, ஆணும் பெண்ணுமாய் இருத்தல், தலை வெட்டுண்டால் மடிதல் முதலிய இயல்புகளைச் சுட்டிப் பேரீச்சையை மனிதனோடு ஒப்பிட்டார். பெற்றோர் இருவரின் பங்கு என்ன என்பது பற்றியும் விவாதம் நடந்தது. ஆணே வடிவம் தருகிறான், பெண் பொருள் மட்டுமே தருகிறாள் என்றார் அரிஸ்டாட்டில். இருவருக்கும் வித்து உண்டு என்றார் காலன். இவ்விரு கருத்துகளையும் இணைக்க இப்னு ஸீனா முயன்றார். குழந்தை தாயை ஒத்திருப்பதற்குத் தாயின் நீரும் காரணம் என உம்மு ஸுலைம் (ரலி) அவர்களின் வினாவுக்கு நபியவர்கள் விடையளித்த செய்தியும் இவ்விவாதத்தில் எடுத்தாளப்பட்டது.

இத்தனை அறிந்தும், பூக்கும் தாவரம் அனைத்திற்கும் இது பொது விதி என்று எவரும் துணிந்து கூறவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. பெரும்பாலான மலர்களில் ஆண், பெண் இரண்டும் ஒரே பூவில் அடங்கியுள்ளன, பிரித்தறிதல் கடினம். மேலும் ஆண், பெண் என்னும் சொற்கள் உவமையாகவும் வழங்கின. கெட்டி மூங்கிலை ஆண்மூங்கில் என்று நாம் சொல்வது அதன் வலிமை கருதியே. அதற்கும் பாலுக்கும் தொடர்பில்லை. தியோஃபிராஸ்டஸும் மரங்களை வன்மை, மென்மை கருதி அவ்வாறே பிரித்தார். உவமை பெருகிய இடத்தில் உண்மையும் உவமையாகவே எண்ணப்பட்டது. பேரீச்சை ஒரு விதிவிலக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்டது.

ஆமணக்கு தந்த விடை

ஜெர்மனியின் டூபிங்கன் நகரப் பேராசிரியர் ருடால்ஃப் கமராரியஸ் 1694இல் தாவரங்களின் பால் பற்றி ஒரு நீண்ட மடல் வெளியிட்டார். நம் வயல் வரப்புகளில் வளரும் ஆமணக்கு அவர் ஆய்ந்த செடிகளுள் ஒன்று. ஆமணக்கின் பூங்கொத்தில் ஆண்பூக்கள் கீழும் பெண்பூக்கள் மேலுமாக இருக்கும். மகரந்தப் பை திறக்குமுன் ஆண்பூக்களை அவர் கிள்ளியெறிந்தார். முற்றிய விதை ஒன்றும் கிடைக்கவில்லை. மக்காச்சோளத்தில் பட்டிழைகளை அறுத்தார், மணி பிடிக்கவில்லை. பேரீச்சையில் மனிதர் தற்செயலாகக் கண்ட இல்லாமையை அவர் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார். விதி பொதுவானது என்பது அதன்பின்னரே நிலைபெறலாயிற்று.

இதனை 1735 முதல் லின்னேயஸ் தம் வகைப்பாட்டின் அடித்தளமாக்கி, கேசரங்களின் எண்ணிக்கையைக்கொண்டு தாவரங்களை வகுத்தார். மலரைப் பற்றி இவ்வாறு பேசுவது ஒழுக்கக்கேடு என்று அக்காலத்தில் கண்டித்தோரும் இருந்தனர். பெர்லினில் பல்லாண்டுகள் பூத்தும் காய்க்காதிருந்த பெண் பனையின மரம் ஒன்றிற்கு, லைப்சிக் நகரிலிருந்து ஆண்மகரந்தம் வரவழைத்து 1749இல் கிளெடிட்ச் தூவினார். அது காய்த்தது, அதன் விதையும் முளைத்தது. ஐயம் கொண்டோருக்கு இதுவே விடையாயிற்று.

விலங்குகளில் விந்தணுவை 1677இல் லீவன்ஹூக் கண்டார். பாலூட்டியின் முட்டையணுவை 1827இல் ஃபான் பேயர் கண்டார். இரண்டும் கலப்பதைக் கடல்முள்ளெலியில் 1876இல் ஹெர்ட்விக் விளக்கினார். மலர்த் தாவரங்களில் நிகழும் இரட்டைக் கருவுறுதலை 1898இல் நவாஷின் கண்டறிந்தார். முன்னே விவரித்த முழுச் செய்தியும் இவ்வாறு சிறிது சிறிதாகச் சேர்ந்ததே.

லின்னேயஸின் முறை நம் மண்ணுக்கு வந்த வழியும் குறிப்பிடத்தக்கது. அவர் மாணவர் யோகான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பின்னர் ஆற்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றினார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் சேர்ந்தார். அவர் வழிகாட்டலைப் பெற்ற வில்லியம் ராக்ஸ்பரோ 1795 முதல் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் படங்களுடன் வெளியிட்டார்.

மீண்டும் கையின் வேலை

கரும்பும் மல்லிகையைப் போலக் கரணை வெட்டி நடப்படுவதே. அதன் விதை முளைக்காது என்றே நெடுங்காலம் நம்பினர். 1880களில் ஜாவாவிலும் பார்படோஸிலும் அந்நம்பிக்கை தகர்ந்தது. கரும்பு நன்கு பூக்கும் இடம் என்பதால் 1912இல் கோயம்புத்தூரில் ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டது. அங்கே டி.எஸ். வெங்கட்ராமன் சாறு மிகுந்த கரும்பையும் காட்டில் வளரும் நாணலினத்தையும் மணம் கூட்டினார். 1918இல் வெளியான கோ 205 வட இந்தியக் கரும்புச் சாகுபடியையே மாற்றியது. கரணையால் மட்டும் வளர்த்துவந்த காலமெல்லாம் வாராத வலிமை ஒரு பூவின் சேர்க்கையால் வந்தது.

மெக்சிகோவின் வனிலாக் கொடி இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குச் சென்றபோது, அதற்குரிய வண்டினம் அங்கே இல்லாமையால் காய்க்காது நின்றது. 1841இல் அடிமையாக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ், சிறு குச்சியால் பூவின் தடுப்பை விலக்கி மகரந்தம் சேர்க்கும் எளிய வழியைக் காட்டினான். உலகின் வனிலாத் தோட்டங்களில் இன்றும் அம்முறையே கையாளப்படுகிறது. கல்விக்கூடம் காணாத அவன் கை, தாவரவியலாரின் கைகளைவிட விரைவாக வேலை செய்தது.

மதீனாவின் தோப்பிலும் ரீயூனியன் தீவிலும் நிகழ்ந்தவை ஒன்றையே உணர்த்துகின்றன. ஒழுங்காக நடைபெறும் செயல் கண்ணில் படுவதில்லை. அது நின்றுபோகும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. அப்போது முதலில் அறிபவர் மரத்தோடும் மண்ணோடும் பழகியவரே. நூலறிவு அவரிடம் கேட்டுத் தெளியும்போது விதி பிறக்கிறது. தேனீக்களும் வண்டுகளும் அருகிவருவதாக உலகின் பல பகுதிகளிலிருந்து எச்சரிக்கை எழும் இக்காலத்தில், அவை முற்றிலும் இல்லாது போனபின் பாடம் கற்பதைவிட, காய் குறைகிறது என்று முதலில் சொல்லும் உழவரின் சொல்லுக்குச் செவிசாய்ப்பது அறிவுடைமை.

பூந்தமல்லிச் சந்தையில் முழம்போட்டு விற்கப்படும் மல்லிகை அரும்பும் விதைக்காகவே அமைந்த உறுப்புதான். அந்த விதை நமக்குத் தேவைப்படவில்லை; ஆகவே அதன் குறையும் நமக்குத் தெரியவில்லை.